அடைப்பு திறக்கும் முன் இதயத்தை முடுக்கலாமா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ‘கேஸாத்தான் இருக்கும்’ என்று சோடாவை நீட்ட ஆள் இருக்கிறது. ‘தெம்புக்கு ஒரு ஊசி போடுங்க டாக்டர்’ என்று கெஞ்சவும் ஆள் இருக்கிறது. மாரடைப்பில் இரண்டுமே உதவாது. இரண்டாவது, சில நேரம் கெடுதலும் செய்யும்.

தசை சாகும் வேகம்

இதயத்தின் ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால், சுமார் 20 நிமிடத்தில் தசைச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. முதலில் உட்சுவர், பிறகு சில மணி நேரத்தில் வெளிச்சுவர் வரை சேதம் பரவுகிறது. அதற்குள் ரத்தம் திரும்பினால் மிச்சத் தசை பிழைக்கும்.

முடுக்கினால் என்ன ஆகும்?

டோபுடமின், டோபமின், அட்ரினலின் ஆகியவை இதயத்தை வேகமாகவும் அழுத்தமாகவும் சுருங்கவைப்பவை. கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அடைப்புக்கு அப்பால் அது வர வழியில்லையே! 1971இல் மரோகோ, யூஜின் பிரான்வால்ட் ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் நாய்களின் இதயக்குழாயை அடைத்துப் பார்த்தார்கள். இதயத்தை முடுக்கும் ஐசோபுரோட்டரினால் கொடுத்தபோது சேதத்தின் அறிகுறிகள் கூடின; இதயத்தை நிதானப்படுத்தும் புரோப்ரனோலால் கொடுத்தபோது குறைந்தன.

ஆனால் அதே ஆய்வில், ரத்த அழுத்தம் விழுந்தபோதும் சேதம் கூடியது. சிக்கல் இங்கேதான். அழுத்தம் சரிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போனால், நல்ல குழாய்களிலும் ரத்தம் குறைந்துவிடும். அப்போது தசைக்குக் கொஞ்சம் கெடுதல் என்றாலும் உயிருக்காக இந்த மருந்துகளைத் தொட்டே ஆகவேண்டும்: குறைந்த அளவில், குறைந்த நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவில். எந்த மருந்து என்பதும் முக்கியம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களில் நார்அட்ரினலின் பெற்றவர்களைவிட அட்ரினலின் பெற்றவர்களுக்கே மீளாத அதிர்ச்சி அதிகம் வந்தது. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

20 வளைவுகளுக்குக் கீழே

தசையைக் காப்பது அடைப்பைத் திறப்பதுதான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். அதனால் 108ஐ உடனே கூப்பிடுங்கள். நோயாளி நடக்கவோ வண்டி ஓட்டவோ வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் தவணையை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கிறார்கள். ஸ்டென்ட் வைக்கும் இடத்தை இரண்டு மணி நேரத்துக்குள் எட்ட முடியாதென்றால், தடை ஏதும் இல்லாதவருக்குக் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலிலேயே போட்டுவிடுவது உலக வழக்கம்.

மலைக்குளிரில் மூச்சு இரைத்தால் பழைய ஆஸ்துமா என்று நினைத்துத் தியோபிலின் மாத்திரையை விழுங்குபவர்கள் உண்டு. அதுவும் இதயத்தை முடுக்கும் மருந்தே. மூச்சிரைப்போடு வியர்வையும் நெஞ்சு அழுத்தமும் சேர்ந்தால் மாத்திரையை வைத்துவிட்டு, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுங்கள்.