முதன்முறை சென்னை செல்வோர்க்கு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

‘பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தாற்போல’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மிட்டாய்க் கடையைப் பார்ப்பதில் குற்றம் ஏதுமில்லை. கையிலுள்ள காசுக்கு எது கிடைக்கும் என்று அறியாமல் நிற்பதே குற்றம். சென்னை மாநகரை முதன்முதலாகக் காணச் செல்லும் நம் மாணவ மாணவியர்க்கு அந்தக் கணக்கைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் சென்னையிலிருந்து ஏறத்தாழ நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இங்கே செய்யப்படும் கார்கள் துறைமுகம் சென்று, கப்பலேறி, கடல் கடந்து போகின்றன. ஆயின் அவற்றைச் செய்யும் கைகளுக்கு உரியவர்களில் கடலையே பாராதவர் பலர். நம் வகுப்பிலும் அத்தகையோர் உண்டு. தொலைவு காரணமன்று, செலவைப் பற்றிய அச்சமும் வழி தெரியாத தயக்கமுமே காரணம்.

நான் பட்ட பாடு

நானும் அவ்வாறு அஞ்சியவனே. முதலாம் ஆண்டில் படித்தபோது, ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை செய்யும் என் அண்ணன், “போய்ப் பட்டணத்தைப் பார்த்துவிட்டு வாடா” என்று ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். இரவு ஷிப்டில் ஈட்டிய பணம் அது. எழும்பூரில் இறங்கியதும் ஓர் ஆட்டோவில் ஏறினேன். நூற்றைம்பது ரூபாய் கேட்டார், கொடுத்தேன். இறங்கிய இடம் அருங்காட்சியகம். நிலையத்திலிருந்து பதினைந்து நிமிடத்தில் நடந்தே வந்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, வாயிற்கதவு மூடியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. அருங்காட்சியகத்திற்கு விடுமுறை நாள்! அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஓட்டலில் பெருந்தொகை கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கடலைப் பாராமலே திரும்பினேன். அண்ணன் கேட்டபோது, “எல்லாம் பார்த்தேன்” என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் நெடுநாள் என் நெஞ்சை உறுத்தியது.

அன்று என்னிடம் இல்லாதது பணமன்று, திட்டமே. ஆகவே திட்டத்தைச் சொல்கிறேன்.

நாளும் வழியும்

முதலில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையைத் தவிர்க. ஞாயிறன்று சாலையில் நெரிசல் குறைவு. ஆனால் மின்சார இரயில்களும் குறைவு. சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொண்டால் ஞாயிறும் நன்றே.

ஸ்ரீபெரும்புதூரில் இரயில் நிலையம் இல்லை. பூந்தமல்லி வழியே பேருந்தில் நேரே நகருக்குள் செல்லலாம். எனினும் நெரிசலில் நேரம் கரையும். ஒரகடத்தார் படப்பை வழியாகத் தாம்பரம் சென்று மின்சார இரயிலைப் பிடிப்பதே சிறந்தது. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் ஏறுவதும் ஒரு வழி. கடற்கரை–தாம்பரம் மின்சார இரயில் 1931ஆம் ஆண்டு முதல் ஓடுவது; இன்றும் ஏழைகளின் வாகனம் அதுவே. அதன் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்தான். மகளிர்க்குத் தனிப் பெட்டிகள் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் 2021ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. மாணவியர் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒரு நாளில் பார்க்கத்தக்கவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது, கிணற்றை ஒரே மூச்சில் குடிக்க முயல்வதற்கு ஒப்பாகும். முதல் நாளுக்கு இரண்டு இடங்கள் போதும்: எழும்பூர், திருவல்லிக்கேணி.

எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலைக்கு நடந்து செல்க. அரசு அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. காலை ஒன்பதரை மணிக்குத் திறக்கப்படும். அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இங்கே உள்ளன. பாடநூலில் ஒரு வரியாகப் படித்த நடராசர் வடிவத்தின் எதிரே நின்று பார்த்தால்தான் வரலாறு உயிருள்ளது என்பது விளங்கும். அதே வளாகத்தில் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகமும் உள்ளது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களுள் இது ஒன்று.

பகலுணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு செல்வது நலம். இயலாதோர்க்கு, 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள் உள்ளன. அங்கே இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்.

பிற்பகலில் எழும்பூரிலிருந்து அடுத்த நிலையமான பூங்கா சென்று இறங்குக. எதிரே சென்ட்ரல் நிலையத்தையும், 1913ஆம் ஆண்டின் ரிப்பன் மாளிகையையும் வெளியே நின்றே கண்டு மகிழலாம். அருகிலுள்ள பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் இரயிலேறித் திருவல்லிக்கேணி சேரலாம். பாரதியார் வாழ்ந்த வீடு அங்கே நினைவு இல்லமாக விளங்குகிறது. பார்த்தசாரதி கோயில் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில் திறக்கும். நம் ஊரில் அவதரித்த இராமாநுசரின் பெற்றோர், மகப்பேறு வேண்டித் திருவல்லிக்கேணியில் வேள்வி செய்தனர் என்பது வைணவ மரபு. ஆக, நம் ஊருக்கும் அவ்வூருக்கும் உறவு பழையது. பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் உள்ளன. பாடநூல் வாங்க எண்ணுவோர் அங்கே ஒரு நடை பார்க்கலாம்.

மாலையில் மெரினா. கடலை விழியாரக் காண்க. ஆனால் இறங்கிக் குளித்தல் வேண்டா. அங்கே நீரின் இழுப்பு மிகுதி. நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோனதுண்டு.

போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அடுத்த முறை அதே பறக்கும் இரயிலில் கோட்டூர்புரம் செல்லலாம். 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல்களைக் கொண்டுசென்று படிக்கவே தனிப் பிரிவு உண்டு. உள்ளே சென்று படிக்கக் கட்டணம் கிடையாது.

செலவுக் கணக்கு

ஒருவருக்கு ஒதுக்க வேண்டிய தொகை:

பேருந்து, போக வர – ரூ. 80
இரயில்கள் – ரூ. 40
அருங்காட்சியகம் – ரூ. 30
தேநீர், சுண்டல் முதலியன – ரூ. 50
ஆக மொத்தம் – ரூ. 200

இவை சற்றுத் தாராளமாகவே ஒதுக்கியவை. இதனுடன் நூறு ரூபாயைத் தனியே மடித்து வைத்துக்கொள்க. அது செலவுக்கன்று, துணிவுக்கு. அடையாள அட்டையை மறக்க வேண்டா; சலுகை உள்ள இடங்களில் உதவும். கைப்பேசியை நம்பி மட்டும் புறப்படாமல், இறங்க வேண்டிய நிலையங்களின் பெயர்களையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. பேட்டரி தீர்ந்தாலும் தாள் தீராது. ஆட்டோவில் ஏறுமுன், “இங்கிருந்து நடக்கும் தூரமா?” என்று ஒரு கடைக்காரரைக் கேட்பது என் அனுபவம் கற்பித்த பாடம். மாலை ஐந்து மணிக்குமேல் இரயிலில் கூட்டம் மிகும். துணையோடு செல்வோர் முன்னரே கூடுமிடத்தைப் பேசிக்கொள்ள வேண்டும்.

முடிவாக

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று இந்தத் திட்டப்படியே என் அண்ணனை அழைத்துச் சென்றேன். இருவருக்கும் சேர்த்து நானூறு ரூபாய்கூட ஆகவில்லை. மெரினா மணலில் அமர்ந்திருந்தபோது, என் பழைய பொய்யைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. தொலைவில் நின்ற கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அதுல நம்ம வண்டியும் இருக்குமாடா?” என்று கேட்டார். “இருக்கும் அண்ணா” என்றேன்.

நண்பர்களே! பட்டணம் பணக்காரர்க்கு மட்டும் உரியதன்று. அங்குள்ள நூலகமும் அருங்காட்சியகமும் கடற்கரையும் நம் வரிப்பணத்தில் வாழ்பவை, நமக்கும் உரியவை. வரும் விடுமுறையில் இருநூறு ரூபாயும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். வீட்டில் கடலைப் பாராதவர் எவரேனும் இருப்பின், அவரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.