தாலாட்டைச் சுருக்கப் போகிறீர்களா?

எங்கள் வீடு புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம். பிரசவத்துக்கு வந்திருந்து கோவைக்குத் திரும்பிய என் மகள், ஒரு நாள் ராத்திரி போன் செய்தாள்.

"அம்மா, நீ அனுப்பின அம்மாச்சி தாலாட்டு, தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. பிள்ளை தூங்காம அழுவுது!"

எனக்குத் திக்கென்றது. என் தாயார் இப்போது இல்லை. 1994-இல் இதே மகளைத் தொட்டிலில் போட்டு அவர் பாடியதை என் அண்ணன் டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். பிற்பாடு அதை ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக மாற்றினேன். "சின்னதாப் போட்டுக் குடுங்க, கார்டுல நிறையப் பாட்டு கொள்ளணும்" என்று சொன்னவளும் நான்தான்!

சி.டி. தரத்தில் ஒரு வினாடி ஒலிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வேண்டும். நாலு நிமிஷப் பாட்டு 42 மெகாபைட் வரும். வினாடிக்கு 32 கிலோபிட்டாகக் குறைத்தால் 1 மெகாபைட்தான். இது எப்படி? மிக்ஸி ஓடும்போது கைக்கடிகாரத்தின் 'டிக் டிக்' நம் காதில் விழுவதில்லை அல்லவா? அப்படிப் பெரிய ஓசையில் மறைந்துபோகும் சின்ன ஓசைகளைக் கழித்துவிடுகிறார்கள்.

அரிசியில் கல் பொறுக்குவது போலத்தான். ஆனால் அளவை ரொம்பக் குறைத்தால் கல்லோடு அரிசியும் போய்விடும். 'ச', 'ஸ' ஓசைகளும், ஜாலரா, சலங்கை ஓசைகளும்தான் முதலில் அடிபடும். நம்ம புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி வாத்தியமாக்கிய கஞ்சிராவின் 'ஜில்' ஓசைகூட மங்கிப் போகும். கழித்தது கழித்ததுதான். பிறகு 128 கிலோபிட்டாக மாற்றினாலும் திரும்பி வராது.

நல்லவேளை, பழைய காஸெட் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது! அண்ணன் மகன் உதவியோடு புதிதாக ஆரம்பித்தோம்.

முதலில் டேப்பின் ஹெட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தோம். பாட்டைச் சுருக்காமல் 'வேவ்' கோப்பாக எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்தோம். ஒற்றைக் குரலுக்கு ஸ்டீரியோ எதற்கு? மோனோவாக வைத்தால் உள்ள பிட் எல்லாம் அந்த ஒரு குரலுக்கே கிடைக்கும். எம்பி3-க்குப் பதில், 2012-இல் வெளிவந்த 'ஓபஸ்' முறையில் சுருக்கினோம். வாட்ஸப் குரல் செய்திகள் போவதும் இந்த முறையில்தான். அதே 32 கிலோபிட், அதே 1 மெகாபைட். ஆனால் குரலில் எவ்வளவு தெளிவு!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாடுவதை இன்றைக்கே பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்; இல்லாவிட்டால் அதன் இரைச்சலுக்கும் பிட் செலவாகும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். மூலப்பிரதியை ஒருநாளும் அழிக்காதீர்கள். அனுப்புவதற்கு ஒரு பிரதியை மட்டும், அதையும் ஒரே தடவை, சுருக்குங்கள். சுருக்கியதையே மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குரல் போகும்.

புதுப் பிரதியை அனுப்பினேன். மறுநாள் காலையில் மகளின் போன்.

"அம்மா, தொட்டிலை ஆட்டுற அம்மாச்சியோட வளையல் சத்தம்கூடக் கேக்குது. பிள்ளை அசந்து தூங்கிருச்சு. எனக்குத்தான் தூக்கமே வரல."

எனக்கும்தான்.