அங்குலமும் மில்லிமீட்டரும் சந்திக்கும்போது

ஓர் எந்திரத்தின் அச்சை ஒருவர் அங்குலக் கணக்கில் வரைந்திருக்கிறார். அது பொருந்த வேண்டிய தாங்கியை (பேரிங்) மற்றொருவர் மில்லிமீட்டரில் வரைந்திருக்கிறார். இவ்விரு படங்களையும் ஒன்றாக இணைப்பது எப்படி?

“பெருக்கினால் போயிற்று” என்பீர்கள். உண்மைதான். 1959ஆம் ஆண்டு அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஆறு நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர். அங்குல நீளங்களை 25.4ஆல் பெருக்க வேண்டும். பரப்பாயின் இருமுறை பெருக்க வேண்டும். கோணங்கள் மாறுவதில்லை.

பிறகு தொல்லை எங்கே வருகிறது? கணிப்பொறிப் படத்தில் 2 அங்குல அச்சின் நீளம் ‘2’ என்ற எண்ணாகவே பதிவாகியிருக்கும். அலகைக் கூறாமல் மில்லிமீட்டர் படத்தில் சேர்த்தால் அது 2 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இப்பிழை கண்ணுக்குத் தெரியும், ஆகவே ஆபத்தில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழையே ஆபத்தானது. பல ஐ.சி. சில்லுகளில் அடுத்தடுத்த கால்களின் இடைவெளி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர். இதை 2.5 என்று முழுமைப்படுத்தினால் பிழை 0.04 மில்லிமீட்டர்தான். ஆனால் 20 கால்கள் உள்ள வரிசையில் 19 இடைவெளிகள் உண்டல்லவா? பிழை 0.76 மில்லிமீட்டராகிறது. கடைசிக் கால் தன் துளையில் இறங்காது!

2003 டிசம்பரில் டோக்கியோ டிஸ்னிலாந்தில் ஒரு ரோலர் கோஸ்டரின் அச்சு முறிந்து வண்டி தடம் புரண்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. காரணம் என்ன? அச்சின் அளவு 1995இல் அங்குல முறையிலிருந்து மெட்ரிக் முறைக்கு மாற்றப்பட்டிருந்தது. பழைய வரைபடமோ நீக்கப்படவில்லை. 2002இல் அதைக் கொண்டே புதிய அச்சுகள் வாங்கப்பட்டன. அச்சுக்கும் தாங்கிக்கும் நடுவே 0.2 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி 1 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஓட்டத்தின் அதிர்வை அச்சு எவ்வளவு நாள் தாங்கும்?

ஆகவே, வரைபடங்களை இணைப்போர் நான்கு விதிகளை மறக்கலாகாது. முதலில், ஒவ்வொரு படத்தின் அலகையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவதாக, எண்களை முதலில் மாற்றுங்கள். முழுமைப்படுத்துவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, இணைத்தபின் நன்கு தெரிந்த ஒரு நீளத்தை அளந்து சரிபாருங்கள். நான்காவதாக, புதிய படம் வந்ததும் பழையதைப் புழக்கத்திலிருந்து அகற்றுங்கள்.

தேர்வுத்தாளில் அலகை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைவது ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா? அலகில்லாத எண் பாதி விடைதான்.