உலு மூடாவின் கடமானும் பண்ணையின் ஜாவா மானும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கடமானுக்கு எஞ்சியிருக்கும் பெரிய புகலிடம் உலு மூடாக் காடு. மூடா, பெடு, ஆனிங் அணைகளுக்கு நீர் தரும் இக்காட்டின் பரப்பு 160,000 ஹெக்டருக்கு மேல். உப்பு ஊறும் ‘சீரா’க்களுக்கு யானையோடு கடமானும் வரும். கம்பிக் கண்ணியும் வேட்டையும் தீபகற்பம் முழுவதும் அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. புலிக்கு இரை அருகியதற்கும் இந்தக் குறைவு ஒரு காரணம். 2009இல் கடமான் வேட்டை நிறுத்தப்பட்டது. தடை பின்னர் நீட்டிக்கப்பட்டது.

குறைந்துபோன இனத்தைப் பண்ணையில் பெருக்கிக் காட்டில் விடலாம். அங்கேதான் மரபணுத் தொகுப்பைப் படிக்க வேண்டிய தேவை எழுகிறது. மான் ஒன்றின் தொகுப்பில் சுமார் 250 கோடி எழுத்துகள் உண்டு. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகியிருந்தால் அதில் தெரியும். அதைவிடப் பெரிய கவலை கலப்பு. இறைச்சிக்காக மலேசியப் பண்ணைகளில் வளரும் மான்களில் பெரும்பங்கு ஜாவா மான். ஜாவாவும் பாலியும் அதன் தாயகம். கடமானுக்கு நெருங்கிய உறவு. ஒரே வேலிக்குள் விட்டால் இரண்டும் கூடும், குட்டியும் மலடாகாது.

கலப்புக் குட்டியை மறுபடி கடமானோடு சேர்த்தால் ஜாவா மானின் பங்கு பாதியிலிருந்து காலாகும், அடுத்த தலைமுறையில் அரைக்காலாகும். அதற்குள் கொம்பையும் உடலையும் பார்த்துச் சொல்வது கடினமாகிவிடும். மலிவான பழைய சோதனையும் இங்கே ஏமாற்றும். அது பார்ப்பது தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை. தாய்வழி கடமானாக இருந்தால், தந்தைவழி ஜாவா மானாக இருந்தாலும் ‘கடமான்’ என்றே முடிவு வரும். முழுத் தொகுப்பைப் படித்தால்தான் குரோமோசோம்களில் ஒட்டியிருக்கும் ஜாவாத் துண்டுகள் அகப்படும்.

தொகுப்பைப் படிக்கச் செலவாகும் பணத்தில் காட்டுக் காவலர்களைக் கூட்டலாம் என்பாரும் உண்டு. ஆனால் வேலி தாண்டிய கலப்பைக் காவலர் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

ஜாவாத் துண்டுகளை அடையாளம் காண, ஒப்பிடக் கலப்பில்லாத கடமானின் தொகுப்பு ஒன்று வேண்டும். இன்றைய பண்ணை மானை அதற்கு நம்ப முடியாது. காட்டில் கிடைக்கும் சாணமோ சிதைந்த டிஎன்ஏவையே பெரும்பாலும் தரும். பண்ணைகள் வருமுன் அருங்காட்சியகங்களில் சேர்ந்த தோலும் கொம்பும் இதற்குப் பொருத்தமானவை. அவற்றோடும், காட்டில் பிடித்து இரத்தம் எடுத்து விடப்படும் சில மான்களோடும் ஒப்பிட்ட பிறகே பண்ணை மான் எதையும் உலு மூடா போன்ற காட்டுக்கு அனுப்பலாம். ஜாவாத் துண்டு உள்ளவை பண்ணையிலேயே இருக்க வேண்டியவை.