சின்னச் சொல்லில் சிக்கல்

தில்லி நடைபாதைகளில் கனமான ஆங்கிலச் சொற்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வேலை தேடி வந்த இளைஞர்கள் தடுமாறுவதோ எளிய சொற்களில்.

வடக்கு தில்லியின் முகர்ஜி நகரில் மின்கம்பங்களுக்கும் ஆங்கில மோகம். அறை வாடகை நோட்டீசின் மேல் பயிற்சி நிலைய நோட்டீஸ், அதன் மேல் இன்னொன்று. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஐ.ஏ.எஸ். கனவோடோ வங்கித் தேர்வு விண்ணப்பத்தோடோ வந்து இறங்கும் இளைஞர்களின் பேட்டை இது. புத்தகக் கடைகளில் நார்மன் லூயிசின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'க்குத் தனி மவுசு. 1949-ல் அமெரிக்காவில் வெளியான இந்தப் புத்தகம், ஏற்கனவே ஆங்கிலம் பேசுகிறவர் சொல்வளத்தைக் கூட்டிக்கொள்வதற்கானது. ஆங்கிலமே புதிதாகக் கற்பவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? மனப்பாடம் செய்வார். மனித குலத்தையே வெறுப்பவனுக்கு 'மிசான்த்ரோப்' என்று சட்டெனச் சொல்வார். ஆனால் அலுவலகத்தில் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால், 'ஸ்டக்' என்ற சொல் வாயில் வராமல் விழிப்பார். நேர்முகத் தேர்வில் ஆளைக் கவிழ்ப்பதும் இந்த விழிப்புதான்.

பீகாரில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1967-ல் கல்வி அமைச்சராக இருந்த கர்ப்பூரி தாக்கூர், மெட்ரிக் தேர்வில் ஆங்கிலத்தில் தேறியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார். ஆங்கிலத் தாளில் மட்டும் தோற்று வீட்டில் முடங்கிய கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. கூடவே 'கர்ப்பூரி டிவிஷன்' என்ற கேலியும் ஒட்டிக்கொண்டது. அவர் செய்தது நியாயமே. ஆனால் வேலை தருகிறவர்கள் ஆங்கிலத்தை விட்டுவிடவில்லையே! 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஆங்கிலம் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 10 பேரில் ஒருவர்தான்.

சரி, எத்தனை சொல் தெரிந்தால் போதும்? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வேலை பிரிவினைக்கு முந்தைய வங்காளத்திலேயே நடந்தது. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1920களில் பள்ளிப் பையன்களின் ஆங்கில வாசகங்களைப் புரட்டிப் பார்த்தார். அடிக்கொரு அரிய சொல். ஒருமுறை வந்தது மறுபடி தலைகாட்டாது. அவற்றை எடுத்துவிட்டு, அடிக்கடி வழங்கும் சொற்களைப் போட்டுப் புதிய வாசகங்கள் எழுதினார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் இவைதான். மிச்சம் 20 சதவீதம் தெரியாமல் செய்தித்தாள் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் இந்த 2,000 இல்லாமல் மற்றவற்றுக்குக் காலூன்ற இடமில்லை.

இவற்றிலும் படுத்துவது 'கெட்', 'டேக்', 'புட்' போன்ற பொடிசுகள். விமானம் கிளம்பினாலும் 'டேக் ஆஃப்', சட்டையைக் கழற்றினாலும் 'டேக் ஆஃப்'. தனித்தனியாக அகராதி பார்த்தால் இரண்டுமே பிடிபடாது.

கைமுதல் இல்லாதவர் என்று யாரும் இல்லை. பிரேக், பஞ்சர், சிக்னல், லைசென்ஸ், சார்ஜர், பேலன்ஸ் என்று தில்லி ஆட்டோக்காரர் உட்கார்ந்து எழுதினாலே ஒரு நோட்டு நிரம்பும். சில சொற்கள் மட்டும் எல்லை தாண்டாது. மாற்றுச் சக்கரத்துக்கு நாம் சொல்லும் 'ஸ்டெப்னி', வேல்ஸ் நாட்டு லனெலி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அங்கே மாற்றுச் சக்கரம் செய்த கம்பெனியோடு இங்கே வந்து தங்கிவிட்டது. லண்டன் மெக்கானிக்கிடம் கேட்டால் விழிப்பார். இந்தியின் 'ஷுப் நாம்' அப்படியே 'குட் நேம்' ஆனதும் இந்த ரகம். நமக்குள் பேச அது போதும், வெட்கப்பட ஏதுமில்லை.

1980களில் கபில்தேவ் படத்தோடு விளம்பரமான ராபிடெக்ஸ் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் கடைக்கு, ரயில் நிலையத்துக்கு என்று முழு வாக்கியமாகக் கொடுத்தது அது. அதுதான் சரியான வழி. ஒரு நாளைக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் நீங்கள் உண்மையில் பேசக்கூடிய ஒரு வாக்கியம். மறுநாள் ஒருமுறை, பிறகு மூன்றாம் நாள், பிறகு அடுத்த வாரம் திரும்பப் பார்க்க வேண்டும். எதிர்ச்சொற்களை ஜோடியாகப் படிக்காதீர்கள். இந்தியில் 'உதார்', தமிழில் 'கடன்'. கொடுத்தாலும் வாங்கினாலும் அதே சொல். ஆங்கிலத்தில் கொடுப்பது 'லெண்ட்', வாங்குவது 'பாரோ'. இரண்டையும் ஒரே நாளில் படித்தவர் பல நாள் மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். 'பாரோ' நாக்கில் படிந்த பிறகு 'லெண்ட்' வரட்டும்.

வாசிக்க? தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019-ல் மஹிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்ட ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகங்களை எடைபோட்டும் விற்கிறார்கள். குழந்தைகளின் ஆங்கிலக் கதைப் புத்தகங்களாகப் பார்த்து ஒரு கிலோ வாங்குங்கள். கூச்சமாக இருந்தால் தம்பிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.