ராணிப்பேட்டைக்கு ஒரு காதல் நாவல்

சரித்திரக் காதல் நாவல் என்றாலே வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அமெரிக்க மேற்குப் பகுதியின் குதிரை வீரனும் அவன் காதலியும் வரும் கதை என்றால், அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்பார்கள். அணைக்கட்டிலும் பள்ளிகொண்டாவிலும் ஆம்பூரிலும் இருக்கும் வாசகருக்கு அந்தக் கேள்வி எழவே வேண்டியதில்லை. அதே வகைக் கதை ஒன்று பாலாற்றங்கரையில் ஊர்ப்பெயராகவே நிற்கிறது. இன்று தோல் தொழிலால் அறியப்படும் ராணிப்பேட்டைதான் அந்த ஊர். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் போரில் மாண்டதும் அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவனை வென்ற ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானே அவள் நினைவாக ஆற்காட்டின் எதிர்க்கரையில் இந்த ஊரை உண்டாக்கினார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

ஆவணங்களில் தேசிங்குக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. புந்தேல ராஜபுத்திரரான அவன் தந்தை சொரூப் சிங், மொகலாயர் சார்பில் செஞ்சிக் கோட்டையைக் காத்தவர். அவர் 1714இல் இறந்ததும் மகன் பொறுப்பேற்றான். கப்பப் பாக்கியைக் கேட்டு நவாப் படையெடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ 22 வயதில், தேசிங்கு களத்தில் விழுந்தான். ஓராண்டுகூட நிறையாத ஆட்சி, பாக்கிப் பணத்துக்காக ஒரு சண்டை, அவ்வளவுதான். ஆனால் நாட்டுப்புறக் கதைப்பாடல் அவனுக்கு பாராசாரி என்ற குதிரையைத் தந்தது. தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு ஓடிவரும் மகமத்கான் என்ற நண்பனைத் தந்தது. பிரிந்து நிற்கும் மனைவியையும் தந்தது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வரை அந்தக் கதை பயணப்பட்டது. வரி பாக்கியை மக்கள் மறந்துவிட்டார்கள். கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்தவனை மறக்கவில்லை.

அமெரிக்காவில் நடந்ததும் இதுவே. 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்ற காலம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள்தான் நீடித்தது. ரயில் பாதையும் முள்கம்பி வேலியும் அதை முடித்துவைத்தன. அந்தக் குறுகிய காலத்தை நம்பி ஒரு பெரிய இலக்கிய வகையே எழுந்தது. ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய ‘தி வர்ஜீனியன்’ அதற்கு முன்னோடி. வயோமிங்கில் மாடு மேய்க்கும் வீரனும் பள்ளி ஆசிரியை மோலியும் அதில் காதலர்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் எதிரி அவனைச் சண்டைக்கு அழைக்கிறான். போனால் நமக்குள் எல்லாம் முடிந்தது என்கிறாள் மோலி. அவன் போகிறான். மகமத்கான் நின்ற அதே இடத்தில்தான் இவனும் நிற்கிறான். ஔரங்கசீப் 1707இல் இறந்த பிறகு தில்லியின் பிடி தளர்ந்த செஞ்சியிலும், நீதிமன்றம் எட்டாத வயோமிங்கிலும் சட்டம் வேர்விடவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மனிதனுக்கு மிஞ்சுவது அவன் வாக்கு ஒன்றுதான். காதல் ஒரு பக்கமும் வாக்கு ஒரு பக்கமும் இழுக்க, அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதே இந்த நாவல்கள் தரும் இன்பம். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்று குறை சொல்வதில் அதனால் பொருளில்லை. தேசிங்கு சாவான் என்று தெரிந்துதான் ஊரே விடிய விடியக் கதை கேட்டது.

இவை வரலாற்றைத் திரிக்கின்றன என்ற குற்றச்சாட்டு கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மேற்கத்திய நாவல்கள் பலவற்றில் அந்த மண்ணின் பூர்வகுடிகள் எதிரிகளாக வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. நம் கதையிலும் நவாபுக்கு ஒரு நியாயம் இருந்தது என்பது மறைந்துபோகிறது, உடன்கட்டை புனிதமாகிவிடுகிறது. இதற்காகக் கதையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். ரசிப்பதும் கேள்வி கேட்பதும் ஒரே வாசகரால் முடிகிற காரியம். ராஜபுத்திரனும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்ற நட்பில் நெகிழ்கிற மனம், ஒரு பெண் தீயில் இறங்கியதைக் கொண்டாட மறுக்கவும் முடியும். ஆவணம் சொல்வது எது, பாட்டு சேர்த்தது எது என்று தேடத் தூண்டுவதும் பெரும்பாலும் அந்த நெகிழ்ச்சிதான்.

காதல் நாவல் என்ற வடிவத்தின் அருமையும் இங்கேதான் புலப்படுகிறது. மோலி வாதாடுகிறாள், மறுக்கிறாள், பிறகு தானே முடிவெடுத்து அவனை ஏற்கிறாள். அவள் மனம் மாறுவதில் நமக்கு உடன்பாடு இல்லாமல் போகலாம். ஆனால் அந்த மனத்துக்குள் நுழைய நாவல் இடம் தருகிறது. ராணிப்பேட்டையின் ராணியைப் பொறுத்தவரை, அவள் எப்படி இறந்தாள் என்பதுதான் நம் நினைவில் தங்கியிருக்கிறது. என்ன நினைத்தாள் என்பது தங்கவில்லை. கப்பத்தைக் கட்டிவிட்டு உயிரோடு இருங்கள் என்று அவள் கணவனிடம் சொல்லியிருக்கலாம். தீயை எண்ணி அஞ்சியிருக்கலாம். இதை எந்த ஆவணமும் இனிச் சொல்லப் போவதில்லை. கற்பனை ஒன்றுதான் சொல்ல முடியும். அவளை வாதாடவும் மறுக்கவும் விடுகிற ஒரு சரித்திரக் காதல் நாவல் தமிழுக்கு வேண்டும். அதை எழுதும் துணிவு இந்தப் பாலாற்றுப் பக்கத்திலிருந்தே வர வேண்டும்.