கீல் இல்லாத விசிறி, துள்ளும் ஹெலிகாப்டர்

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு எதிரே, நீருக்கு அப்பால் தெரிவது வில்லிங்டன் தீவு. அங்குள்ள கடற்படை விமானத்தளம் ஐ.என்.எஸ். கருடா 1953இல் தொடங்கப்பட்டது. ‘துருவ்’ ஹெலிகாப்டர்களுக்கான கடற்படையின் முதல் படைப்பிரிவு, 2013 நவம்பரில் இங்கேதான் உருவானது.

வானில் சாகசம் செய்யும் விமானப்படையின் சாரங் குழுவும் துருவையே ஓட்டுகிறது. குழுவின் தளம் கோவையை அடுத்த சூலூர்.

துருவின் துள்ளலுக்குக் காரணம் அதன் விசிறி. பல பழைய ஹெலிகாப்டர்களில் விசிறி அலகுகள் கீல்களில் ஆடும். விமானி கைப்பிடியைச் சாய்த்தால் முதலில் விசிறி சாயும். உடல் சற்றுப் பின்தங்கித் தொடரும். துருவின் நான்கு அலகுகளுக்கும் கீல் இல்லை. நார்க் கூட்டுப்பொருளின் வளைவே அந்த வேலையைச் செய்கிறது. அதனால் விசிறியின் திருப்புவிசை நேராக உடலைத் திருப்புகிறது. சட்டென உருளவும் மூக்கைத் தூக்கவும் முடிகிறது.

ஆனால் காற்றின் மோதலும் அதே வேகத்தில் உடலை எட்டும். எனவே ஜைரோக்கள் சுழற்சியை அளக்க, நான்கு அச்சுத் தன்னியக்கக் கருவி உடனுக்குடன் திருத்துகிறது. எரிபொருள் தீர்ந்து எடை குறைந்தாலும், வேகம் மாறினாலும் அந்தத் திருத்தம் பிசகக் கூடாது.

தலைகீழாகவும் பறக்கும் ரேடியோ மாடல் ஹெலிகாப்டர்களில், உடலை நிலைப்படுத்தும் இந்த வேலையை முன்பு விசிறியோடு சுழன்ற துடுப்புக் கம்பி செய்தது. இன்று மூன்று அச்சு மின்னணு ஜைரோ செய்கிறது.